மார்கேட்டில் ஒரு கோடைப் பகல்

2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் லண்டனில் எனது தமக்கையார் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். பத்திரிகைப் பணியிலேயே காலத்தைக் கழித்த எனக்கு நீண்ட விடுமுறை என்பது அபூர்வமான ஒன்று. அவ்வாண்டு இங்கிலாந்தில் வழமைக்கு மாறான வெயில். பூங்காக்களின் புல்வெளிகள் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தன.

பல்கலைக்கழகத்தில் வரலாற்றைப் பாடமாகப் படித்தவன் என்ற முறையில் கன்டர்பரி தேவாலயத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. தமக்கையாரோ வேறொரு ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தார். அவர் வசிக்கும் பகுதியிலுள்ள எங்கள் ஊரவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கோச் பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தி, கென்ட் மாவட்டத்தின் மார்கேட் என்னும் கடற்கரைப் பட்டினத்துக்கு ஒரு நாள் சுற்றுலா செல்வதாக இருந்தது. எனக்கும் சேர்த்துப் பணம் கட்டியாகி விட்டது.

"தேவாலயம் எத்தனையோ நூறு வருஷமா அங்கைதானே நிக்குது தம்பி, அது ஒரு இடமும் ஓடாது. பிள்ளையள் ராட்டினம் ஏறவேணும் எண்டு நிக்குதுகள். பேசாமல் வெளிக்கிடு" என்றார்.

எனக்கு உள்ளூரச் சிறிது ஏமாற்றம்தான். ராட்டினத்தில் ஏறுவதற்காகவா இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தோம் என்று எண்ணிக்கொண்டேன். தேவாலயம், கோட்டை, அரண்மனை, போர்க்களம் இவைதாம் வரலாறு என்று பழக்கப்பட்டுவிட்ட மனம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை அன்று மாலைக்குள் உணர்ந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இங்கு எழுதுகின்றேன்.

காலை எட்டு மணிக்கு பஸ் புறப்பட்டது. ஆசனங்களுக்கு மேலேயுள்ள தட்டுகள் முழுவதும் சாப்பாட்டுப் பெட்டிகள். றோல்ஸ், கட்லெட், கடலை வடை, வாழையிலைக்குப் பதிலாக ஈயத்தாளில் சுற்றிய கட்டுச்சோறு, இரண்டு பெரிய பிளாஸ்க் நிறையத் தேநீர். நெடுஞ்சாலை ஏறுமுன்னரே பின் ஆசனங்களில் பழைய திரைப்படப் பாடல்கள் ஆரம்பமாகிவிட்டன. எனது பக்கத்தில் யன்னலோரமாக அமர்ந்திருந்த தமக்கையார், "இந்த நாட்டுக்கு வந்து இருபத்தொன்பது வருஷம். கடலைப் பார்க்க எண்டு வெளிக்கிட்டது இண்டைக்குத்தான்" என்று சாதாரணமாகச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். அலையோசை கேட்காமல் நாங்கள் உறங்கிய இரவு சிறுவயதில் இல்லை. அப்படிப்பட்டவர் சொன்ன வார்த்தை அது.

கடலுக்குப் போன இலண்டன்

மார்கேட், இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையிலே தானெட் என்னும் நிலப்பகுதியில் அமைந்துள்ளது. கடலில் குளித்தால் நோய் தீரும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேய வைத்தியர்கள் கூறத் தொடங்கிய காலத்தில், அதனைத் தொழிலாக்கிக்கொண்ட முன்னோடிப் பட்டினங்களில் இதுவும் ஒன்று. குளிப்பவரை மரப்பெட்டி வண்டியொன்றில் ஏற்றிக் குதிரையைப் பூட்டிக் கடலுக்குள் இழுத்துச் செல்வார்கள். அவ்வண்டியின் பின்புறத்தில் பிறர் கண்ணில் படாமல் நீரில் இறங்குவதற்கு வசதியாகத் துணிக் கூடாரம் ஒன்றைப் பொருத்தியவர் பெஞ்சமின் பீல் என்னும் மார்கேட்வாசி. ஏழை நோயாளிகளுக்கும் அந்தக் கடற்காற்று கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 1791 இல் அங்கு கடற்குளியல் வைத்தியசாலை ஒன்று நிறுவப்பட்டது. காச நோய் வகைகளால் பீடிக்கப்பட்டோரைத் திறந்த விறாந்தைகளில் கிடத்தி வைத்தியம் பார்த்த அந்நிறுவனம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இயங்கி, 1996 இல் மூடப்பட்டது.

தொடக்கத்தில் இலண்டனிலிருந்து அங்கு செல்வதற்குத் தானியம் ஏற்றும் பாய்க்கப்பல்களே பயன்பட்டன. கட்டுரையாளர் சார்ள்ஸ் லாம், தாம் இளவயதில் அத்தகைய கப்பலொன்றில் பயணம் செய்ததைப் பற்றி 1823 இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கின்றார். 1815 முதல் நீராவிக் கப்பல்கள் வந்தன. 1846 இல் புகையிரதம் வந்தது. அதன் பின்னர் கடற்கரை செல்வந்தர்களின் தனியுடைமையாக இருக்கவில்லை.

ஆனால், பயணச்சீட்டு மலிவாக இருந்தால் மட்டும் போதுமா? வேலையிலிருந்து விடுபட ஒரு நாள் வேண்டுமல்லவா? அதை 1871 ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் வழங்கியது. சேர் ஜோன் லபொக் என்பவர் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த அச்சட்டத்தின்படி ஆகஸ்ட் மாதத்தின் முதலாவது திங்கட்கிழமை விடுமுறையாயிற்று. (இங்கிலாந்தில் அது தற்போது மாதத்தின் கடைசித் திங்கள்.) சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்ற கோரிக்கைக்கோ 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு நிறைவேற்றப்பட்ட சட்டம்தான் சாதாரணத் தொழிலாளிக்கும் ஆண்டில் ஒரு வாரம் கூலி இழக்காமல் ஓய்ந்திருக்க வழி திறந்தது. அதன் முழுப் பயனையும் மக்கள் அனுபவித்தது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே.

கடற்கரையில் மணல்வீடு கட்டும் ஒரு குழந்தைக்குப் பின்னால் இரண்டு சட்டங்களும், தொழிற்சங்கங்களின் நெடிய போராட்டமும் இருக்கின்றன என்பதை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எரிந்துபோன ஒன்றின் பெயர்

பஸ் எங்களைக் கடற்கரை வீதியில் இறக்கிவிட்டது. அரைவட்டமாக வளைந்த பொன்னிற மணற்பரப்பு. எதிரே, உயர்ந்த மெல்லிய கோபுரம் போன்ற முகப்புடன் ஒரு கட்டடம். அதன் உச்சியிலிருந்து கீழாக ட்ரீம்லான்ட் என்ற எழுத்துகள். 1935 இல் திறக்கப்பட்ட திரைப்பட மாளிகை அது. பின்னர் பிரித்தானியா எங்கும் எழுந்த ஓடியன் திரையரங்குகளின் தோற்றத்துக்கு இக்கட்டடம் ஒரு முன்மாதிரி என்பர். 2022 இல் வெளியான சாம் மென்டெசின் 'எம்பயர் ஒஃப் லைட்' என்ற திரைப்படத்தைப் பார்த்த வாசகர்கள் இக்கட்டடத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இந்தத் திரையரங்கின் பின்புறத்தில் விரிந்து கிடப்பதுதான் ட்ரீம்லான்ட் கேளிக்கைப் பூங்கா. அதன் கதை ஒரு விசித்திரமான புகையிரத நிலையத்திலிருந்து தொடங்குகின்றது. 1860 களில் போட்டி நிறுவனங்கள் மார்கேட்டுக்குப் பாதை போட்ட அவசரத்தில் கட்டப்பட்ட நிலையம் ஒன்று, எந்த ஒரு புகையிரதமும் வந்து நில்லாமலே பயனற்றுப் போயிற்று. அதனை 1867 இல் நடன மண்டபமும் உணவகமுமாக மாற்றினார்கள். 1870 களில் அது ஜோர்ஜ் சாங்கர் என்ற சர்க்கஸ் முதலாளியின் கைக்கு வந்தது. தமக்குத் தாமே 'பிரபு' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர் இவர். மண்டபத்தின் பின்னாலே பூந்தோட்டம், போலியாகக் கட்டிய பழைய மடாலயச் சிதைவு, மிருகக் காட்சிச்சாலை என்று அமைத்தார். அவர் காலத்துக் கூண்டுகள் சில இன்னமும் அவ்வளவில் எஞ்சியுள்ளன.

1919 இல் அவ்விடத்தை ஜோன் ஹென்றி ஐல்ஸ் என்பவர் வாங்கினார். வாத்தியக் குழுக்களின் தேசியப் போட்டியை 1900 இல் இலண்டனில் தொடக்கி வைத்தவர் இவரே. அமெரிக்காவின் நியூயோர்க் நகரை அடுத்த கோனி ஐலன்ட் அக்காலத்தில் உலகின் கேளிக்கைத் தலைநகரம். அங்கே 1884 இல் லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் ஐந்து சத கட்டணத்தில் ஓடவிட்ட சரிவு ரயிலே இன்றைய ரோலர் கோஸ்டர்களின் முன்னோடி. மணிக்கு ஆறு மைல் வேகம், அவ்வளவுதான். அதனைப் பின்னர் மேம்படுத்தி, செயற்கை மலைகளும் குகைகளும் வரைந்த காட்சிகளுக்கூடாக ஓடுமாறு அமைத்து 'சீனிக் ரயில்வே' என்று பெயரிட்டார். ஐல்ஸ் அதன் ஐரோப்பிய உரிமையைப் பெற்றிருந்தார்.

தமது மார்கேட் பூங்காவுக்கு அவர் சூட்டிய 'ட்ரீம்லான்ட்' என்ற பெயரும் கோனி ஐலன்டிலிருந்து வந்ததுதான். 1904 இல் அங்கு திறக்கப்பட்ட அப்பெயருடைய பூங்கா, 1911 மே மாதத்தில் ஒரே இரவில் தீக்கிரையாகி மீண்டும் எழாமலே போய்விட்டது. எரிந்துபோன ஒன்றின் பெயரை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு இப்பால் கொண்டுவந்து வைத்தார் ஐல்ஸ்.

1920 ஜூலை 3 ஆம் திகதி மார்கேட்டில் சீனிக் ரயில்வே ஓடத் தொடங்கியது. முதலாண்டிலேயே ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் ஏறினார்கள் என்பது பதிவு. முதலாம் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத காலம். மகனையோ கணவனையோ சகோதரனையோ பறிகொடுக்காத வீடு அந்நாட்டில் அரிதாக இருந்த வேளை. அந்த மக்கள்தாம் வரிசையில் நின்று ஏறி, சரிவில் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். அதனை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நிழற்குடையும் கவிஞரும்

நண்பகலில் வெயில் ஏறிவிட்டது. புகையிரத நிலையத்துக்குக் கிட்டவாக, கடலை நோக்கியவாறு இரும்புத் தூண்களும் மர ஆசனங்களும் கொண்ட பழைய நிழற்குடை ஒன்று இருக்கின்றது. 1921 இலையுதிர் காலத்தில் மனச்சோர்வுற்று ஓய்வுக்காக மார்கேட் வந்த கவிஞர் டி. எஸ். எலியட், இங்கே அமர்ந்துதான் தமது 'பாழ்நிலம்' காவியத்தின் ஒரு பகுதியை எழுதினார். மறு ஆண்டு வெளிவந்த அக்காவியத்தில் மார்கேட் மணல் பற்றிய குறிப்பும் உண்டு. பல்கலைக்கழக நாட்களில் உரைநூல்களின் துணையுடன் படித்து அரைகுறையாக விளங்கிக்கொண்ட கவிதை அது. நான் அவ்வாசனத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, கதிரையிலை பெயின்ற் காயேல்லையோ?" என்று கேட்டவாறே தமக்கையார் அதே ஆசனத்தில் பேரனை இருத்தி, ஈரக் காற்சட்டையைக் கழற்றத் தொடங்கினார். நான் விடயத்தைக் கூறினேன். "அவருக்கும் மனம் சரியில்லாமல்தானோ இங்கை வந்தவர்? பாவம்" என்றார். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த இலக்கிய விமர்சனங்களில் இதைவிடக் கருணையான வாக்கியம் குறைவு.

அங்கே அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தபோது வேறொரு நினைவும் வந்தது. எங்கள் மக்களுக்கு இங்கிலாந்தின் கடற்கரை எப்போதும் களிப்பின் இடமாக இருந்ததில்லை. 1987 இல், தேம்ஸ் கழிமுகத்துக்கு வடக்கேயுள்ள ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைக் கட்டிவைத்து, அதனுள்ளே புகலிடம் கோரியோரைத் தடுத்து வைத்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர். அவ்வாண்டு ஒக்டோபரில் வீசிய பெரும் புயலில் கப்பல் கட்டறுந்து கரைதட்டியது. அச்செய்தியை வாசித்த நினைவு என் வயதுடைய பலருக்கு இருக்கும். மார்கேட்டிலும் வெறுமையாகிப்போன விடுதிகள் சில, 1990 களின் இறுதியில் அகதிகளைத் தங்கவைக்கும் இடங்களாயின. நான் போய்வந்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 2022 இலையுதிர் காலத்தில், அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள மான்ஸ்டன் பழைய விமானத்தளத்தில், சிறு படகுகளில் கால்வாயைக் கடந்து வந்தோர் அளவுக்கு மீறி நெருக்கி வைக்கப்பட்டிருந்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஒரே கடற்கரைதான். ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்குகின்றார். மற்றவர் படகில் வந்து இறங்குகின்றார்.

பத்திரிகைகள் செய்த வேலை

மார்கேட்டின் வரலாற்றில் எனது தொழில் சார்ந்த பக்கம் ஒன்றும் உண்டு. 1964 மே மாதத்து விடுமுறையில், மொட்ஸ் என்றும் ரொக்கர்ஸ் என்றும் அழைக்கப்பட்ட இரு இளைஞர் கூட்டத்தினர் இக்கடற்கரையில் மோதிக்கொண்டனர். சாய்கதிரைகள் வீசப்பட்டன, பலர் கைதாகி நீதவான் முன் நிறுத்தப்பட்டனர். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைகள் இதனை ஏதோ உள்நாட்டுப் போர் போன்று வர்ணித்தன. இதனை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972 இல் வெளியிட்ட நூல், நடந்த சேதத்துக்கும் எழுதப்பட்ட செய்திக்கும் இருந்த இடைவெளியை எடுத்துக்காட்டியது. ஒரு பிரிவினரைப் பூதமாக்கி ஊரையே நடுங்கவைக்கும் இப்போக்கைக் குறிக்க அவர் கையாண்ட சொற்றொடர் இன்று உலகெங்கும் ஊடகக் கல்வியில் வழங்குகின்றது. தலைப்பு எழுதும் மேசையில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற வகையில் இதைச் சற்றுத் தயக்கத்துடனேயே எழுதுகின்றேன். ஒரு கடற்கரை முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அமைதியாகக் களித்திருந்த அதே நாளில், செய்தியானது கதிரை வீசிய சிலர் மட்டுமே.

1970 களில் ஸ்பெயினுக்கு மலிவு விலையில் விமானங்கள் பறக்கத் தொடங்கின. மார்கேட் தேயத் தொடங்கியது. 1989 கிறிஸ்மஸுக்கு பி.பி.சி. ஒளிபரப்பிய 'ஒன்லி ஃபூல்ஸ் அன்ட் ஹோர்சஸ்' நகைச்சுவைத் தொடரின் சிறப்புப் பகுதியில், இலண்டன் நண்பர்கள் கோச் பஸ் பிடித்து மார்கேட் செல்லும் கதையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வேளையில் அத்தகைய ஒரு நாள் சுற்றுலாவே பழைய காலத்து நினைவாகிக் கொண்டிருந்தது.

மரத்துக்காக ஒரு போராட்டம்

2002 இல் சீனிக் ரயில்வே, பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களின் அரசாங்கப் பட்டியலில் இடம்பெற்றது. ரோலர் கோஸ்டர் ஒன்று பிரித்தானியாவில் அவ்வாறு பட்டியலிடப்பட்டது அதுவே முதற்தடவை. மறு ஆண்டில், பூங்கா மூடப்படப் போகின்றது, காணியில் வேறு கட்டடங்கள் எழப்போகின்றன என்ற செய்தி வெளியானது. நகரத் திட்டமிடல் துறையைச் சேர்ந்த நிக் லெய்ஸ்டர் முதலானோர் பூங்காவைக் காப்பதற்கான இயக்கத்தைத் தொடங்கினார்கள். ராட்டினத்துக்கு ஒரு போராட்டமா என்று அப்போது நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். நானும் அங்கிருந்தால் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கக்கூடும்.

2008 ஏப்ரல் 7 ஆம் திகதி, மூடிக்கிடந்த பூங்காவில் தீ மூண்டது. சீனிக் ரயில்வேயின் ஏறத்தாழ கால் பங்கும், அதன் நிலையமும், நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வண்டிகளும் சாம்பலாயின. யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்றே சந்தேகிக்கப்பட்டது. சாதாரணமாக அத்துடன் கதை முடிந்திருக்கும். ஆனால், பட்டியலில் இடம்பெற்ற கட்டடம் எரிந்தாலும் அதற்குரிய சட்டப் பாதுகாப்பு தானாக எரிந்துவிடுவதில்லை. எஞ்சிய முக்கால் பங்கை நினைத்தவாறு அகற்றிவிட்டுக் காணியைத் துப்புரவாக்க முடியவில்லை. 2011 இல் அக்கட்டமைப்பின் பாதுகாப்புத் தரம் மேலும் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் தானெட் மாவட்ட சபை காணியைக் கட்டாயமாகச் சுவீகரிக்கும் நடவடிக்கையில் இறங்கியது. நீண்ட வழக்காடல்களின் பின்னர் 2013 இல் காணி சபையின் கைக்கு வந்தது. பொதுப்பணம் பல மில்லியன் பவுண் செலவில் பூங்கா புனரமைக்கப்பட்டு 2015 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் சீனிக் ரயில்வே மீண்டும் ஓடியது. மறு ஆண்டே நடத்துநர் நிறுவனம் கடனில் மூழ்கியதும், பின்னர் புதிய முதலீட்டுடன் நிமிர்ந்ததும் வேறு கதை.

அரசர் கட்டிய கோட்டையைப் பாதுகாப்பதற்கு எந்த நாட்டிலும் சட்டம் இருக்கும். துறைமுகத் தொழிலாளியும், துணி ஆலைப் பெண்ணும், வீட்டு வேலைக்காரியும் ஆண்டில் ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்த இடத்தையும் அதே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள் என்பதே இதிலுள்ள முக்கியமான செய்தி.

மரத்தால் ஆன இத்தகைய கட்டமைப்பில் பலகைகளை ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1920 இல் அறுத்த மரம் எவ்வளவு எஞ்சியிருக்கும்? அப்படியானால் இது பழையதா, புதியதா? எங்கள் கோயில் தேரை நினைத்துக்கொண்டேன். அச்சு மாறும், சில்லு மாறும், சிற்பங்கள்கூட மாறும். ஆனால் ஊரவருக்கு அது பாட்டன் காலத்துத் தேர்தான். எனினும், இந்த ஒப்புமையை எல்லா இடத்துக்கும் நீட்டிவிட முடியாது. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டடம் மீண்டும் வெண்மையாக எழுந்து நிற்கின்றது. மரத்தை மீண்டும் அறுத்துக்கொள்ளலாம். சுவரை மீண்டும் எழுப்பிக்கொள்ளலாம். எரிந்த ஏட்டுச்சுவடியை யார் மீண்டும் எழுதுவது?

அந்தச் சரிவில்

பிற்பகல் நான்கு மணியளவில் பேரப்பிள்ளைகள் சீனிக் ரயில்வேயின் வரிசையில் போய் நின்றார்கள். துணைக்கு நானும் நின்றேன். தமக்கையார் கைப்பைகளுடன் வேலியோரத்தில் ஒதுங்கி நின்றார்.

"அம்மம்மா, நீங்களும் வாங்கோ!" என்று பேத்தி கூப்பிட்டாள்.

"எனக்கு ஏன் பிள்ளை இந்த வயதிலை?"

"அக்கா, இது தொண்ணூற்றெட்டு வயதுக் கிழவி. உங்களை ஒண்டும் செய்யாது. வாங்கோவன்" என்று நானும் சொன்னேன். எங்களுடன் வந்த ஒருவர் பைகளை வாங்கிக்கொண்டார். மறுப்பதற்கு வேறு காரணம் கிடைக்காமல் அவர் வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

இந்த ரயிலுக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. பாதையில் தானியங்கித் தடைகள் இருக்கவில்லை. வண்டிகளுக்கு நடுவிலே ஒரு மனிதர் நின்றுகொண்டு, வளைவையும் வேகத்தையும் பார்த்துத் தமது கையாலேயே தடை போட்டார். தேரோட்டத்தில் சில்லின் கீழே முட்டுக்கட்டை போடுபவரின் கண்ணும் கையும் எப்படியோ, அப்படி. முட்டுக்கட்டை என்பதைத் தீய சொல்லாகவே எழுதிப் பழகிவிட்டோம். அது இல்லாவிட்டால் தேர் வீதியில் நில்லாது.

கம்பி வடம் மெதுவாக எங்களை மேலே இழுத்தது. ஏறத்தாழ நாற்பது அடி உயரம். இன்றைய இராட்சத ரோலர் கோஸ்டர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. உச்சியை அடைந்தபோது திரையரங்கின் கோபுரமும், அதற்கப்பால் வெயிலில் மின்னும் கடலும் தெரிந்தன. தமக்கையார் என் மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்த கணம் வண்டி சரிந்தது. பலகைகள் கடகடவென அதிர்ந்தன. பக்கத்திலிருந்து "ஐயோ, முருகா!" என்று ஒரு கூச்சல். பின்னர் இன்னொன்று. மூன்றாவது சரிவில் அக்கூச்சல் சிரிப்பாக மாறியிருந்தது.

இறங்கியபோது அவரது கண்கள் கலங்கியிருந்தன. காற்றினாலாக இருக்கலாம். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "தம்பி, இந்த நாட்டுக்கு வந்து நான் வாய்விட்டுக் கத்தினது இண்டைக்குத்தான்" என்றார்.

1989 இல் இரண்டு கைக்குழந்தைகளுடன் வந்தவர் அவர். பொதி கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை. பின்னர் கடையில் காசு வாங்கும் வேலை. ஊரில் குண்டு விழுந்த செய்திகள் வந்தபோதும், அம்மா காலமான செய்தி வந்தபோதும், அத்தான் போனபோதும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டே அழுததாக ஒருமுறை சொல்லியிருக்கின்றார். கத்துவதற்கென்று ஓர் இடம் வேண்டியிருக்கின்றது. 1920 இல் அந்த வரிசையில் நின்ற பெண்களில் எத்தனை பேருக்கு இதே தேவை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னர் அவர் மணலில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் நனையுமட்டும் நீரில் நின்றார். "தண்ணி குளிருது. எங்கடை கடல் மாதிரி இல்லை" என்றார். ஆனாலும் பஸ் புறப்படும் நேரம்வரை கரைக்கு ஏறவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பாட்டு இல்லை. அநேகமாக எல்லோரும் உறங்கிவிட்டார்கள். எனக்கு உறக்கம் வரவில்லை. சிறுவயதில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடைபெற்ற கார்னிவலுக்குத் தந்தையார் எங்களை அழைத்துச் சென்றதும், 'மரணக் கிணறு' என்ற மரத்தொட்டிச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பார்த்துத் தமக்கையார் கண்களை மூடிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அது எந்த ஆண்டு? யார் நடத்தினார்கள்? கட்டணம் எவ்வளவு? எங்கும் எழுதிவைத்ததாக நான் கண்டதில்லை. எங்கள் மண்ணின் எரிப்புகளையும் இடப்பெயர்வுகளையும் இழப்புகளையும் பற்றி எனது தொழில் வாழ்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றேன். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அந்த மக்கள் எங்கே சிரித்தார்கள் என்பதை நான் ஒருநாளும் குறித்து வைக்கவில்லை. நாளை எங்கள் வரலாற்றைப் படிக்கும் ஒரு பிள்ளை, இவர்கள் அழுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று எண்ணிவிடக்கூடும்.

கன்டர்பரி தேவாலயத்தை அந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை. தமக்கையார் சொன்னதுபோல அது ஓடிவிடாது. ஊர் திரும்பியதும் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, முற்றவெளிக் கார்னிவல் பற்றி நினைவிலுள்ளதை எழுதத் தொடங்கினேன். நிரம்பியவை நான்கு பக்கங்கள்தாம். அக்காலத்தில் அங்கு போன மூத்தவர்கள் இன்றும் உலகின் பல மூலைகளிலும் இருக்கின்றார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய காலம் இது.